முதல் ஒத்திகையில் ஏன் கை கட்டி நின்றோம்?

"சும்மா நில்லுங்க. அவ்வளவுதான். எதுவும் செய்ய வேணாம்."

நாடகம் சொல்லிக்கொடுக்க வந்த தோழர் எங்களிடம் முதலில் கேட்டது இவ்வளவுதான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அங்கே நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தின் சிமெண்ட் தரை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது பேர் இருந்தோம். காலனிப் பிள்ளைகள் ஆறு பேர், அதில் இரண்டு பெண்கள். மையத்தில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார், அழுது காட்டச் சொல்வார் என்று பயந்து வந்திருந்த எங்களுக்குச் சும்மா நிற்பது சுலபமாகத்தான் பட்டது.

ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொங்கவிட்டால் அது யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். தோழர் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தோம். ஒன்பது பேரில் ஏழு பேர் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்து நின்றிருந்தோம். ஒரு பெண் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது ஆள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அவர் ஊர்த்தெருவில் பிறந்தவர், எங்கள் சக ஊழியர், நல்ல தோழர். தன் கை இடுப்பில் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. சட்டென்று கையை எடுத்தார். அப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

நடிப்புப் பயிற்சி என்றால் வேறு ஒருவராக மாறுவது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்றைக்குத் தெரிந்தது வேறு. பிறந்ததிலிருந்து ஒரு வேஷத்தைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். அதைக் கழற்றத்தான் தெரியவில்லை.

எங்களில் ஒருவர் சமூகவியலில் முதுகலை படித்தவர். (இதைத் தட்டச்சு செய்கிற கை அவருடையதுதான்.) அன்று மதியம் சாப்பிடும்போது எர்விங் கோஃப்மனைப் பற்றிச் சொன்னார். அன்றாட வாழ்க்கையையே ஒரு மேடையாகப் பார்த்தவர் அவர். மனிதர்கள் முன்மேடையில் ஒரு மாதிரியும் பின்மேடையில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறார்கள் என்று 1950களில் எழுதினார். பரீட்சைக்குப் படித்தபோது அது நல்ல கருத்தாகத்தான் இருந்தது. ஆனால் கோஃப்மனின் மனிதர்கள் முகமூடியை மாட்டத் தவறினால் அவர்களுக்குக் கிடைப்பது சங்கடம். எங்கள் தாத்தாக்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கத் தவறினால் கிடைத்தது அடி. இது ஒரே மேடை இல்லை. எங்கள் பிள்ளைகள் கல்லூரி விடுதியில் கூட்டாளி ஊரைக் கேட்டால் பக்கத்து டவுன் பேரைச் சொல்லித் தப்பிக்கிறார்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது வீட்டுக்காரர் "நீங்க அசைவமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டால், அவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு "எங்களுக்கு நடிப்பு வராது தோழர்" என்று அவர்கள் சொன்னால் நம்பவா முடியும்?

இதற்கு இரண்டு வருஷம் முன்பு எங்களில் இரண்டு பேர் ஒரு நகரத்து நாடகப் பயிற்சிக்குப் பத்து நாள் போய் வந்திருந்தார்கள். அந்தக் குழுவின் பெயர் வேண்டாம். மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாள் பாத்திரம் பிரிக்கும்போது ஒருவருக்கு வெட்டியான் வேஷம், இன்னொருவருக்குக் குடிகாரன். "உங்க உடம்புல ஒரு மண்வாசனை இருக்கு" என்று விளக்கமும் கிடைத்தது. பாராட்டாகத்தான் சொன்னார் போலிருக்கிறது. ராஜா வேஷம் கட்டியவர் உடம்பில் என்ன வாசனை வந்ததென்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வெட்டியானாக நடிப்பது கேவலம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பத்து நாள் பழகிய பிறகும் எங்கள் உடம்பில் அவர்கள் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான் என்பதுதான் உறுத்தியது. ஊருக்குத் திரும்பி நாமே தொடங்குவோம் என்று முடிவெடுத்தது அந்தப் பஸ் பயணத்தில்தான்.

எழுதிய நாடகம் எதையும் நாங்கள் கையில் எடுக்கவில்லை. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவாலின் ஒடுக்கப்பட்டோர் அரங்கில் ஒரு பயிற்சி உண்டு. பேச்சே கிடையாது. நடந்த ஒரு சம்பவத்தை நினைத்துக்கொண்டு, மற்றவர்களின் உடம்பைக் களிமண் மாதிரி பிடித்து நிறுத்தி, உறைந்த காட்சியாக ஆக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எங்களுக்குத் தெரியாது. வசனம் மறந்துவிடும் என்ற பயம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆளும் இயக்குநர் ஆகலாம்.

ஆனால் அதில் தொட வேண்டும். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துத் திருப்ப வேண்டும், தாடையைத் தூக்க வேண்டும். எங்கள் ஊர்த்தெருத் தோழர் இருக்கிறாரே, அவர் காலனிப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர். அவரைக் குனிந்து நிற்க வைக்க வேண்டிய முறை வந்தபோது, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனால் அவர் முதுகைத் தொட்டு அழுத்த முடியவில்லை. "அண்ணே, நீங்களே குனிஞ்சிக்கிங்கண்ணே" என்றான். அவர் தானாகக் குனியவில்லை. "நீ குனிய வைடா" என்றபடி நிமிர்ந்தே நின்றார். கால் மணி நேரம் அப்படியே போனது. கடைசியில் பையன் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். அன்றைக்கு அதோடு ஒத்திகையை முடித்துக்கொண்டோம். மேற்கொண்டு செய்ய யாருக்கும் தெம்பு இல்லை.

குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தொடங்க நினைக்கிறவர்களுக்கு உதவும். தெருவில் மைக் கிடையாது. சுற்றிலும் ஆட்கள், நாய், மோட்டார் சைக்கிள். எங்களில் ஒருத்தி தொண்டையால் கத்தி இரண்டாவது வாரமே குரலைத் தொலைத்தாள். வயிற்றிலிருந்து மூச்சை எடுக்கப் பழக ஒரு மாதம் ஆனது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. புதிதாக நடிப்பவர்கள் எல்லாரும் வாக்கியத்தைப் பலமாகத் தொடங்கி முடிவை விழுங்கிவிடுகிறோம். "நாளைக்கு மேளத்துக்கு வர..." என்பது வரைதான் கேட்கும். வருகிறானா, வரமாட்டானா என்பது பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேராது. எங்கள் நாடகமே அந்தக் கடைசி நாலு எழுத்தில்தான் இருந்தது. தோழர் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனைத் தெருக்கோடியில் நிறுத்தி, "மாட்டேன்" என்ற ஒரு சொல்லை மட்டும் அரை மணி நேரம் சொல்ல வைத்தார். முதலில் சிரித்தான். அப்புறம் கோபப்பட்டான். அதற்கப்புறம்தான் அது சொல்லாக வெளியே வந்தது.

நாடகம் சாவுமேளம் பற்றியது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் காலனியிலிருந்து மேளத்துக்குப் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கதை. இது பழைய காலத்துச் சங்கதி என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை எங்களோடு வந்து இருந்து பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பறையை இன்று நகரத்துக் கல்லூரிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள், மேடையில் ஆடுகிறார்கள். நல்லது, மகிழ்ச்சிதான். எங்கள் காலனிப் பையன்களுக்கு மட்டும் அது தெரியவில்லை, அவர்கள் அப்பன்மார் சொல்லித்தரவில்லை. "எங்களோட போவட்டும் இந்தப் பொழப்பு" என்று குச்சியைத் தொடக்கூட விடவில்லை. நாடகத்துக்காகக் கைபேசியில் காணொளி பார்த்துத்தான் அடித்துப் பழகினார்கள். அடிமைத் தொழில் என்று பறையை எறிவதா, எங்கள் கலை என்று எடுப்பதா என்று கூட்டம் போட்டு நாற்பது வருஷம் பேசலாம். அந்தப் பையன் கையில் அன்றைக்குக் காய்ச்சாத பறை ஒன்று இருந்தது, அது சத்தம் வராமல் தொப் தொப்பென்று விழுந்தது. எங்களுக்குத் தெரிந்த விவாதம் அதுதான்.

பண்ணையார் வேஷம் யாருக்கு என்பதில் எல்லாரும் பின்வாங்கினோம். ஊர்த்தெருத் தோழர் முயன்று பார்த்தார். வில்லன் மாதிரி கத்தினார், எடுபடவில்லை. எங்களிலேயே அதிகம் பேசாத பெண் ஒருத்தி, "நான் பண்ணட்டா?" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. எதிரில் நிற்பவனைப் பார்க்கவும் இல்லை. தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு, வாசலில் கட்டிய மாட்டிடம் பேசுகிற குரலில், "வந்துட்டியா?" என்றாள். எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அம்மாவோடு அந்த வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளப் போனவள் அவள். அங்கிருந்து எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்! அவர்கள் எங்களைப் பார்த்ததே இல்லை. நாங்கள் அவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்திருக்கிறோம். அவளுக்கு அந்த வேஷம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒத்திகை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அது எங்களுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அவளை நடிக்க அனுப்ப அவள் வீட்டில் சம்மதம் வாங்கிய கதை தனி. "கூத்தாடின்னு பேர் வந்துட்டா யார் கட்டுவா?" என்ற கேள்விக்கு எங்களிடம் இன்றுவரை பதில் கிடையாது. தெருக்கூத்து வளர்ந்த மாவட்டம் இது. திரௌபதி வேஷத்தை ஆண் கட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெண் கட்டினால் கல்யாணம் நின்றுபோகும்.

தொடங்கும்போது எங்களுக்கு முன்னால் நடந்தவர்களைப் பற்றியும் படித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அதற்கென்றே வைத்தோம். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியது, 1980இல் வங்காளத்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, அதிலிருந்து கிளம்பியவர்கள் தமிழகத் தெருக்களுக்கு வந்தது. தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் 1989 புத்தாண்டு நாளில் தெருநாடகம் போட்டுக்கொண்டிருக்கும்போதே தாக்கப்பட்டு மறுநாள் இறந்த சஃப்தர் ஹாஷ்மி. இவர்களையெல்லாம் படித்தோம். ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது கே.ஏ. குணசேகரனைப் பற்றிப் பேசியபோதுதான். சிவகங்கைப் பக்கத்துச் சேரியில் பிறந்து, நாட்டுப்புறப் பாடகராகி, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராகவும் ஆனவர். 'பலி ஆடுகள்' எழுதியவர். 2016இல் இறந்தார். "நம்ம ஆளு நாடகம் எழுதியிருக்காரா?" என்று ஒருவன் கேட்டான். அவன் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர எங்களால் முடியவில்லை.

அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒரு அலைச்சல். காவல் நிலையத்தில் வசனத்தை எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். எங்களிடம் எழுத்தே இல்லை. 1954இல் வந்த தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் கெடுபிடிகளை எதிர்த்து 'பரீக்ஷா' ஞாநி வழக்குப் போட்டார், அதன் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது என்று எடுத்துச் சொன்னோம். ஒருவழியாக, "பிரச்சனை வராம பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிரச்சனை யாரிடமிருந்து வரும் என்று மட்டும் கேட்கவில்லை.

பக்கத்துக் காலனி மாரியம்மன் கோயில் திடலில் முதல் நிகழ்ச்சி. இருநூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ரோட்டு முனையில் ஊர்த்தெரு இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் நடுவில் நின்று பண்ணையாரைப் பார்த்து "வரமாட்டேன்" என்றான். கடைசி எழுத்துவரை தெளிவாகக் கேட்டது. பறையைத் தலைக்கு மேலே தூக்கினான். எல்லாரும் முஷ்டியை உயர்த்தினோம். விசில் பறந்தது. எங்களுக்குக் கால் தரையில் இல்லை.

சாமான்களை வேனில் ஏற்றும்போது ஒரு ஆயா வந்தார். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான்மா ஆடுனீங்க. நீங்க வேன் ஏறிப் பூடுவீங்க. காலைல அந்தக் கொட்டாயில சாணி அள்ள நாங்கதான போவணும்? அந்தப் பசங்க அங்க நின்னு பாத்தானுங்களே, யாரார் கை தட்டுனாங்கன்னு." அவர் திட்டவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

வேனில் யாரும் பேசவில்லை.

போவாலுக்கும் இதே நடந்திருக்கிறது. அவரே எழுதியிருக்கிறார். 1960களில் பிரேசிலின் வடகிழக்கில் ஒரு நாடகம். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியை உயர்த்திப் பாடி முடிக்கிறார்கள். விர்ஜிலியோ என்ற விவசாயி ஓடி வந்து, நீங்களும் நம்ம ஆட்கள்தான், எங்கள் நிலத்தைப் பறித்தவனிடம் போகிறோம், துப்பாக்கியோடு வாருங்கள் என்கிறார். இது நாடகத் துப்பாக்கி, சுடாது என்கிறார்கள் நடிகர்கள். பரவாயில்லை, எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வாருங்கள் என்கிறார். அவர்கள் தயங்குகிறார்கள். அப்படியென்றால் நீங்கள் பாடிய ரத்தம் எங்கள் ரத்தம்தான், உங்களுடையது இல்லை என்று அந்த விவசாயிக்குப் புரிந்துவிடுகிறது. இந்தக் கதையை நாங்கள் பயிற்சியின் முதல் மாதத்திலேயே படித்திருந்தோம், அடிக்கோடுகூடப் போட்டிருந்தோம். படித்துவிட்டு அதையே செய்தோம்.

முடிவை எடுத்துவிட்டோம். பண்ணையார் மேளத்துக்கு ஆள் கேட்டு வந்து நிற்கிற இடத்தோடு நாடகம் நின்றுவிடும். இதற்கு மேல் என்ன செய்யலாம், நீங்கள் வந்து செய்து காட்டுங்கள் என்று பார்க்கிறவர்களைக் கேட்போம். இதுவும் போவாலின் முறைதான். எங்களுக்கு இது தோல்வியை ஒத்துக்கொள்வது மாதிரித்தான் இருந்தது. வாய் நிறைய முழக்கம் வைத்திருக்கிறவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது பெரிய தண்டனை.

இரண்டாவது நிகழ்ச்சி எங்கள் காலனியிலேயே. முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு இளைஞன் வந்து பண்ணையாரை அடிக்கப் பாய்ந்தான், எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசினாள். நாற்காலியில் இருந்த எங்கள் பண்ணையார் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, "கேஸ் முடியறவரைக்கும் சோத்துக்கு?" என்றாள். கூட்டம் அடங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பையனின் அப்பா எழுந்து வந்தார். மேளக்காரர். மகன் நடிப்பதையே அன்றுதான் பார்க்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கக்கத்தில் இடுக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் அதைக் கிழித்தார். ஒரு துண்டை வலது கையில் சுற்றிக் கட்டினார். பண்ணையார் முன்னால் போய் நின்று, முகத்தைச் சுளித்து, கையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "கருக்கருவா பட்டுடிச்சி சாமி. குச்சி புடிக்க முடியல."

ஒரு நொடி அமைதி. அடுத்த நொடி பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவர், "எனுக்கு ஒவ்வொரு வாட்டியும் காய்ச்சல்தான்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். யார் யார் என்னென்ன சொல்லித் தப்பித்தார்கள் என்று அரை மணி நேரம் ஓடியது. பொண்டாட்டி தீட்டு, மாமியார் சாவு, பறைத்தோலை எலி கடித்தது. ஒருவரின் மாமியார் நாலு தடவை செத்திருந்தாராம். நாங்கள் ஒன்பது பேரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் நாங்கள் பயின்றதை அவர்கள் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு அவரிடம் கேட்டோம். அவர் மேளத்துக்குப் போவதை விட்டுவிட்டார், இப்போது கட்டட வேலை. "எழுதுங்க, இனிமே அவன் என்ன பண்ணப்போறான்" என்றார்.

அன்றிரவு நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு பையன் அப்பாவிடம் போனான். பறையை நீட்டுவான் என்று எதிர்பார்த்தோம். அவன் கிழிந்த துண்டை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அடுத்த நிகழ்ச்சியில் அந்தக் காட்சியை அவனே செய்யப்போகிறானாம். கையில் சுற்றிக் காட்டினான். அவர் அதை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டார்.

"இவ்ளோ அழகா கட்டுனா நம்ப மாட்டான். அவசரத்துல கட்டுன மாதிரி இருக்கணும். அப்புறம், மருந்துக்குன்னு அம்பது ரூபா நீட்டுவான். வலது கைலதான் அடி பட்டிருக்குது? அத எடது கையால வாங்கு."